எக்ஸ்-கதிர் லேசரில் பீம்டைம் கேட்பது: ஒளி அமைப்பு ஒன்று பரிசோதனை (2009) – நிகழ்வு ஆய்வு

2009 டிசம்பரில், கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில் உள்ள ஸ்லாக் தேசிய முடுக்கி ஆய்வகத்தில், வெற்றிடக் கலம் ஒன்றுக்குள் பச்சை நிறத் திரவத் தாரை ஒன்று பாய்ந்துகொண்டிருந்தது. தாரையின் விட்டம் ஏறத்தாழ 4 மைக்ரோமீட்டர். தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்கு அளவே இருக்கும். தாவரங்களும் சயனோபாக்டீரியாக்களும் சூரிய ஒளியைப் பிடிக்கப் பயன்படுத்தும் ‘ஒளி அமைப்பு ஒன்று’ என்ற புரதத் தொகுதியின் நுண்படிகங்கள் அதில் மிதந்தன. வினாடிக்கு 30 முறை எக்ஸ்-கதிர் லேசர்த் துடிப்பு தாரையைக் குறுக்காகத் தாக்கியது. துடிப்பில் அகப்பட்ட படிகம் சிதறிப்போயிற்று. ஆனால் சிதறுவதற்கு முன்பே அதன் விளிம்பு விளைவுப் படம், அதாவது அணுக்களில் பட்டுச் சிதறிய எக்ஸ்-கதிர்களின் புள்ளிக் கோலம், உணர்கருவியில் விழுந்துவிட்டது. இவ்வாறு 30 லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் பதிவாயின. எண்பதுக்கும் மேற்பட்டோர் பெயர் தாங்கிய அந்த ஆய்வுக் கட்டுரை 2011 பிப்ரவரியில் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது; தொடர் ஃபெம்டோநொடிப் படிகவியல் என்று இன்று அழைக்கப்படும் துறை அங்கிருந்துதான் கிளைத்தது.

அந்தப் பரிசோதனைக்கு முந்தைய ஒன்பது ஆண்டுகளையே நான் இங்கே ஆராய விரும்புகிறேன். எக்ஸ்-கதிர் லேசர் நிலையத்தில் பரிசோதனை நேரம் கேட்டு விண்ணப்பிக்கும் எவரும், அதாவது அத்துறையினர் சொல்வதுபோல் ‘பீம்டைம்’ கேட்கும் எவரும், அந்த ஆண்டுகளைக் கவனித்துப் பார்ப்பது பயன் தரும். விண்ணப்பத் தாளில் எழுதப்படும் சொற்களைவிட, அந்தச் சொற்களுக்குப் பின்னால் ஏற்கெனவே செய்து முடிக்கப்பட்டிருக்கும் வேலைதான் நேரத்தைப் பெற்றுத் தருகிறது என்பது என் கருத்து. அதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

நேரம் ஏன் இவ்வளவு அரிதாயிற்று

சின்க்ரோட்ரான் என்பது வட்ட வடிவ எக்ஸ்-கதிர் மூலம். எலக்ட்ரான்கள் வளையத்தில் சுற்றிக்கொண்டே இருக்க, வளையத்தின் ஓரமெங்கும் கிளைக்கும் பல பாதைகளில் பல குழுக்கள் ஒரே நேரத்தில் தத்தம் பரிசோதனைகளை நடத்துகின்றன. எக்ஸ்-கதிர் லேசரின் அமைப்பு வேறு. நேர்கோட்டு முடுக்கி ஒன்று எலக்ட்ரான் கொத்தை ஒளியின் வேகத்துக்கு நெருக்கமாகக் கொண்டுவந்து, துருவங்கள் மாறி மாறி அமைந்த காந்த வரிசையின் இடையே செலுத்துகிறது. அங்கே எலக்ட்ரான்கள் நெளிந்து நெளிந்து சென்று, தாம் உமிழும் ஒளியாலேயே ஒழுங்குபடுத்தப்பட்டு, ஒரே தாளத்தில் எக்ஸ்-கதிரை உமிழ்கின்றன. ஒரு நொடியைப் பத்துக் கோடி கோடிப் பங்குகளாகப் பிரித்தால் அவற்றில் ஒரு பங்கே ஃபெம்டோநொடி. அத்தகைய சில பத்து ஃபெம்டோநொடிகளுக்குள் முடிந்துவிடும் துடிப்பு அது. ஒரு முடுக்கியிலிருந்து வரும் கற்றை பெரும்பாலும் ஒரு சமயத்தில் ஒரு பரிசோதனைக்கே போய்ச் சேருகிறது. உலகத்தில் இத்தகைய வன் எக்ஸ்-கதிர் (அலைநீளம் குறுகிய எக்ஸ்-கதிர்) நிலையங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்: மேற்சொன்ன பரிசோதனை நடந்த ஸ்லாக்கின் எல்.சி.எல்.எஸ்., ஜப்பானின் ஹரிமாவில் உள்ள சாக்லா, தென் கொரியாவின் போஹாங்கில் உள்ள பால்-எக்ஸ்ஃபெல், ஸ்விட்சர்லாந்தின் ஸ்விஸ்ஃபெல், ஹாம்பர்க்கிலிருந்து ஷெனஃபெல்ட் வரை 3.4 கிலோமீட்டர் சுரங்கத்தில் நீளும் ஐரோப்பிய எக்ஸ்ஃபெல்.

கிடைக்கும் நேரத்தைப் போலப் பல மடங்கு நேரத்துக்கு விண்ணப்பங்கள் வருகின்றன. முடிவுகளை வெளிப்படையாகப் பிரசுரிக்க ஒப்புக்கொள்ளும் ஆய்வாளரிடம் கட்டணம் வாங்குவதில்லை. எந்த நாட்டிலிருந்தும் விண்ணப்பிக்கலாம். இத்தகைய லேசர் இல்லாத இந்தியாவின் பல்கலைக்கழகக் குழுவுக்கும் வாசல் திறந்தே இருக்கிறது. பணம் வாயிலை அடைக்கவில்லை என்பதால், வெளி ஆய்வாளர்கள் கொண்ட மதிப்பீட்டுக் குழுவின் தரவரிசையே அந்த வாயிலாகிறது.

கனவு ஒன்று, கேட்டது வேறு

2000 ஆம் ஆண்டில் ஸ்வீடனின் உப்சாலாவைச் சேர்ந்த ரிச்சர்ட் நியூட்ஸும் யானோஸ் ஹைடுவும் உடன் ஆய்வாளர்களும் ‘நேச்சர்’ இதழில் ஒரு கணினிக் கணக்கீட்டை வெளியிட்டனர். தீவிரமான எக்ஸ்-கதிர்த் துடிப்பு ஒரு புரத மூலக்கூற்றைத் தாக்கினால் அணுக்கள் எலக்ட்ரான்களை இழந்து, ஒன்றையொன்று தள்ளி, மூலக்கூறு வெடித்துப்போகும். ஆயினும் அணுக்கள் கண்ணுக்குத் தெரியும்படி நகர்வதற்குச் சில ஃபெம்டோநொடிகள் ஆகும். துடிப்பு அதற்கு முன்பே கடந்து போய்விட்டால், சிதையாத மூலக்கூற்றின் படம் கிடைத்துவிடும். ‘சிதைவுக்கு முன் படம்’ என்று பின்னர் பெயர் பெற்ற கருத்து இதுதான். அதன் உச்சக் கனவு, படிகமே வேண்டாம், தனி மூலக்கூறு ஒன்றே போதும் என்பது.

2009 இல் கேட்கப்பட்டது அந்தக் கனவு அன்று. தனி மூலக்கூறு சிதறடிக்கும் ஒளித்துகள்கள் மிகக் குறைவு. அதன் சைகை இரைச்சலுக்குள் அமிழ்ந்துவிடும். நுண்படிகத்தில் அதே மூலக்கூறு ஆயிரக்கணக்கில் ஒரே முகமாக அடுக்கப்பட்டிருப்பதால், சில திசைகளில் சிதறல் ஒன்றோடொன்று கூடி வலுப்பெற்றுக் கூர்மையான புள்ளிகளாகத் தெரியும். ஹென்றி சாப்மன், ஜான் ஸ்பென்ஸ், பெட்ரா ஃபிரோம் ஆகியோரை மையமாகக் கொண்ட குழு, கனவிலிருந்து ஒரு படி கீழே இறங்கி, 200 நானோமீட்டரிலிருந்து 2 மைக்ரோமீட்டர் வரை அளவுள்ள படிகங்களைத் தேர்ந்தது. இந்த ஒரு படி இறக்கம்தான் இந்நிகழ்வின் மிக முக்கியமான முடிவு என்று நான் கருதுகிறேன். பீம்டைம் விண்ணப்பங்களைப் பலமுறை வீழ்த்துவது அறிவின்மை அன்று. கைவசமுள்ள கருவியால் அடைய முடியாத ஒன்றை, கருத்து அழகாக இருக்கிறது என்பதற்காகவே கேட்பதுதான்.

விடை தெரிந்த மாதிரி

ஒளி அமைப்பு ஒன்றைத் தேர்ந்ததிலும் இதே நிதானம் தெரிகிறது. வெந்நீர் ஊற்றுகளில் வாழும் ஒரு சயனோபாக்டீரியாவிலிருந்து எடுக்கப்பட்ட அந்தத் தொகுதியின் அமைப்பு, 2001 இலேயே 2.5 ஆங்ஸ்ட்ராம் துல்லியத்தில் வெளிவந்திருந்தது (ஆங்ஸ்ட்ராம் என்பது நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு; எண் சிறிதானால் துல்லியம் அதிகம்). அதில் ஃபிரோமின் பங்கு பெரியது. அந்தப் படிகங்களோடு அவர் பல ஆண்டுகள் வாழ்ந்தவர். ஒரு தொகுதியில் 12 புரதங்களும், பச்சையம் முதலிய 127 துணைக்கூறுகளும் உள்ளன. மூன்று தொகுதிகள் சேர்ந்தே ஓர் அலகாகின்றன.

விடை ஏற்கெனவே தெரிந்த புரதத்தின் மீது உலகின் மிக அரிய கருவியைச் செலவிடுவதா என்ற கேள்வி மேற்போக்காகப் பார்த்தால் நியாயமானது. ஆனால் முறையே புதியதாக இருக்கும்போது மாதிரியும் புதியதாக இருந்தால், கிடைத்த விடை தவறா, முறை தவறா என்று எவராலும் பிரித்தறிய இயலாது. தெரிந்த மாதிரி ஓர் அளவுகோல். எல்.சி.எல்.எஸ்.ஸில் 2009 அக்டோபரில் தொடங்கிய முதல் பரிசோதனைகளில் லிண்டா யங் தலைமையிலான குழு எடுத்துக்கொண்டதும் நியான் அணுவைத்தான். பத்தே எலக்ட்ரான்கள் கொண்ட, இயற்பியலாளர் நன்கறிந்த அணு. ஒரே துடிப்பு அந்தப் பத்தையும் உரித்துவிட வல்லது என்று அவர்கள் காட்டினர். புதிய கருவியின் முன் எளிய பொருளை வைக்கும் துணிவு, விண்ணப்பிப்போரிடம் நாம் நினைப்பதைவிட அரிது.

ஒளி அமைப்பு ஒன்றுக்கு இன்னொரு பொருத்தமும் இருந்தது. அப்போது கிடைத்த கற்றையின் ஆற்றல் 1.8 கிலோ எலக்ட்ரான்வோல்ட். அலைநீளம் ஏறத்தாழ 6.9 ஆங்ஸ்ட்ராம். அத்தகைய நீண்ட அலையால் அணுக்களைத் தனித்தனியே பிரித்துப் பார்க்க இயலாது. ஆனால் இப்படிகத்தின் அடிப்படைக் கட்டம், அதாவது படிகமெங்கும் திரும்பத் திரும்ப அடுக்கப்படும் சிறு அலகு, ஒரு பக்கம் 281 ஆங்ஸ்ட்ராம் நீளமுடையது. கட்டம் பெரிதாயிருந்தால் விளிம்பு விளைவுப் புள்ளிகள் நெருக்கமாக விழும். குறைந்த கோணத்திலேயே எண்ணத்தக்க புள்ளிகள் கிடைத்துவிடும். கருவியின் குறையைப் பொறுத்துக்கொள்ளும் மாதிரியைத் தேர்ந்தார்கள். முடிவில் கிடைத்த துல்லியம் 8.5 ஆங்ஸ்ட்ராம். அதைச் சிறுமை என்று எவரும் சொல்லவில்லை. இவ்வளவுதான் கிடைக்கும் என்பது கற்றையின் ஆற்றலிலேயே எழுதப்பட்டிருந்தது.

முன்பே செய்து பார்த்தவை

மதிப்பீட்டாளர் ஒருவர் விண்ணப்பத்தில் முதலில் தேடும் பகுதி, ‘இதுவரை என்ன செய்திருக்கிறீர்கள்’ என்பது. இக்குழுவிடம் அதற்கு மூன்று தனித்தனி விடைகள் இருந்தன.

முதலாவது 2006 இல் ஹாம்பர்க்கின் ஃபிளாஷ் லேசரில் நடந்தது. 20 நானோமீட்டர் தடிமனுள்ள சிலிக்கன் நைட்ரைடுச் சவ்வு ஒன்றில், சில மைக்ரோமீட்டர் அகலத்தில், ஒரு சிறு சித்திரம் வெட்டப்பட்டிருந்தது: சூரியனுக்குக் கீழே இரண்டு குச்சி மனிதர்கள். 32 நானோமீட்டர் அலைநீளமுள்ள, 25 ஃபெம்டோநொடித் துடிப்பு ஒன்று அதைத் தாக்கிற்று. பதிவான விளிம்பு விளைவுப் படத்திலிருந்து கணினி அந்த மனிதர்களை அப்படியே மீட்டெடுத்தது. அடுத்த துடிப்பு அதே இடத்தில் விழுந்தபோது அங்கே சவ்வில் ஓர் ஓட்டை மட்டுமே இருந்தது. சிதைவுக்கு முன் படம் என்பது கணக்கீடு என்ற நிலையைத் தாண்டியது அன்றைக்குத்தான். இந்த ஒரு படத்தைக் கண்ட மதிப்பீட்டாளருக்கு நீண்ட விளக்கம் தேவைப்பட்டிராது.

இரண்டாவது தாரை. படிகங்களை ஒவ்வொன்றாகக் கற்றையின் முன் வைப்பது வினாடிக்கு 30 துடிப்புக்கு ஈடுகொடுக்காது. அவை தாமாகவே ஓடி வர வேண்டும். சாதாரணக் குழாய்முனையை 4 மைக்ரோமீட்டருக்குக் குறுக்கினால், 2 மைக்ரோமீட்டர்ப் படிகங்கள் கூடிக்கூடி அதை அடைத்துவிடும். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தினர், ஸ்பெயினின் செவில்லாவைச் சேர்ந்த அல்ஃபோன்ஸோ கன்யான்-கால்வோ முன்னரே காட்டியிருந்த வழியைப் பின்பற்றினர்: ஏறத்தாழ 50 மைக்ரோமீட்டர் துளையுள்ள கண்ணாடி நுண்குழாய் வழியே திரவத்தை விட்டு, அதைச் சூழ்ந்து விரையும் வாயுவால் நெருக்கி மெலிய வைப்பது. வெளிக்குழாயின் முனை தீயில் உருக்கிக் குறுக்கப்பட்டது. உட்குழாயின் முனை கூம்பாகத் தேய்க்கப்பட்டது. துளை அகலம், தாரை மெல்லியது. அடைப்பு வெகுவாகக் குறைந்தது. இந்தத் தாரையில் ஒளி அமைப்பு ஒன்றின் படிகங்களை ஓடவிட்டு, பெர்க்லியின் அட்வான்ஸ்டு லைட் சோர்ஸ் சின்க்ரோட்ரானில் தூள் விளிம்பு விளைவை, அதாவது பல படிகங்களின் கூட்டுப் படத்தை, எடுத்து, 2008 இல் அதை வெளியிட்டிருந்தார்கள். லேசர் அன்று, ஆனால் அதே மாதிரி, அதே வகைத் தாரை, உண்மையான எக்ஸ்-கதிர்.

மூன்றாவது உணர்கருவி. ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் குழுவினர் வடிவமைத்த காம்ப் என்ற பெரிய வெற்றிடக் கலம், ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு முழுப் படத்தைப் படித்தெடுக்கும் உணர்கருவிகளோடு, அட்லாண்டிக்கைக் கடந்து கலிஃபோர்னியாவுக்கு வந்து எல்.சி.எல்.எஸ்.ஸின் முதல் பரிசோதனை அறையில் பொருத்தப்பட்டது. நிலையத்தில் இல்லாததைத் தாமே கொண்டுவரும் குழு, அதைப் பிறருக்கும் பயன்படத் தரும்போது, விண்ணப்பம் தனி ஒருவரின் வேண்டுகோளாக இராது. மிமி வைரஸ் என்ற பெரிய வைரஸைத் தனித்தனியே படம்பிடித்த உப்சாலாக் குழுவின் பரிசோதனையும் இதே கலத்தில் நடந்து, ‘நேச்சர்’ இதழின் அதே வெளியீட்டில் வந்தது.

மணிக்கணக்கு

விண்ணப்பத்தில் கனமான பகுதி எண்கணிதம். எல்.சி.எல்.எஸ்.ஸில் நேரம் 12 மணி நேர ஷிஃப்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. ஐந்து ஷிஃப்டுகள், அதாவது 60 மணி நேரம், ஒரு குழுவுக்கு வழக்கமாகக் கிடைக்கும் அளவு. அந்த 60 மணி நேரத்தில் என்ன நடக்கும் என்பதைப் பேனாவால் கணக்குப் போட்டுக் காட்டாத விண்ணப்பத்தை நான் முழுமையான விண்ணப்பமாக ஏற்கமாட்டேன்.

மாதிரியின் அளவிலிருந்து தொடங்குவோம். தாரை நிமிடத்துக்கு 10 மைக்ரோலிட்டர் வீதம் ஓடினால், 60 மணி நேரத்தில் 36 மில்லிலிட்டர் வேண்டும். ஒரு மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் புரதம் என்றாலும் 36 மில்லிகிராம். பாக்டீரியாவை வளர்த்து எளிதாகப் பெறும் புரதமானால் இது சிரமமன்று. மனித உயிரணுச் சவ்வுப் புரதமானால் ஆய்வகத்தின் ஓராண்டு உழைப்பு. இதில் பெரும்பகுதி வீண் என்பதையும் சொல்லியாக வேண்டும். தாரை வினாடிக்குச் சுமார் 10 மீட்டர் வேகத்தில் ஓட, துடிப்புகள் வினாடிக்கு 30 என்றால், இரண்டு துடிப்புகளுக்கிடையே ஏறத்தாழ 33 சென்டிமீட்டர் தாரை கடந்துபோகிறது. கற்றையின் அகலமோ 7 மைக்ரோமீட்டர். ஆகவே ஏறக்குறைய நாற்பத்தேழாயிரத்தில் ஒரு பங்கு மாதிரிதான் ஒளியைப் பார்க்கிறது. எஞ்சியது வடிகலத்துக்குப் போகிறது. பல மாதம் வளர்த்த படிகம் கண்ணெதிரே ஓடி மறைவதைப் பார்த்தவருக்கு, பிற்காலத்தில் தாரையை மெதுவாக்கவும், துளித் துளியாக நாடாவின் மீது வைத்துக் கொண்டுசெல்லவும் ஏன் இத்தனை பேர் பாடுபட்டார்கள் என்பது விளங்கும்.

அடுத்து நேரம். தாரையில் படிகங்கள் வெவ்வேறு திசையில் வருவதால், முழுமையான தரவுத் தொகுதிக்கு 20,000 படங்கள் படிகத்தின் திசை கண்டு வரிசைப்படுத்தப்பட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நூறு துடிப்பில் ஐந்துக்குப் படிகம் அகப்படுகிறது. அகப்பட்டவற்றில் நூற்றுக்கு முப்பதே பயன்படுகின்றன. அப்படியானால் 13 லட்சத்துக்குச் சற்று அதிகமான துடிப்புகள் தேவை. எல்.சி.எல்.எஸ். பின்னர் எட்டிய வினாடிக்கு 120 துடிப்பு வீதத்தில் இது 3 மணி நேரத்துக்குச் சற்று மேல். நம்பிக்கையூட்டும் எண் இது. ஆனால் படிகங்கள் ஊசிக்குழலின் அடியில் படிந்து, அகப்படும் வீதம் நூற்றுக்கு அரையாகக் குறைந்தால், அதே தொகுதிக்கு 30 மணி நேரத்துக்கு மேல் ஆகும். பாதி பீம்டைம் போயிற்று. எனவே நல்ல விண்ணப்பம் ஒரே எண்ணைத் தருவதில்லை. வீதம் இவ்வளவாக இருந்தால் திட்டமிட்ட மூன்று கட்டங்களும் முடியும், இதற்குக் கீழே போனால் இரண்டோடு நிறுத்துவோம், இன்னும் கீழே போனால் இன்ன மாதிரிக்கு மாறுவோம் என்று முன்கூட்டியே எழுதுகிறது. ஒளி அமைப்பு ஒன்றில் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களிலிருந்து இறுதி அமைப்புக்குப் பயன்பட்டவை 15 ஆயிரம் சொச்சம் என்பதை இந்தக் கணக்கின் அருகே வைத்துப் பார்க்கலாம்.

மதிப்பீட்டாளர் கேட்பது

இன்றைய நடைமுறை சுருக்கமாகச் சொல்லக்கூடியது. நிலையம் குறித்த காலத்தில் அழைப்பு விடுக்கிறது. குழுவின் சார்பில் ஒருவர் இணையவாயிலில் விண்ணப்பிக்கிறார். எந்தப் பரிசோதனை நிலை (கற்றை வந்து சேரும் கருவிக் கூடம்), எந்த ஆற்றல், துடிப்பின் நீளம், கற்றையின் குவிவு, தூண்டும் லேசர் வேண்டுமா, மாதிரியால் ஆபத்து உண்டா என்பவற்றை நிரப்புகிறார். வெளி ஆய்வாளர் குழு அறிவியலையும், நிலையத்தின் பணியாளர்கள் சாத்தியத்தையும் பார்க்கின்றனர். விண்ணப்பம் எழுதத் தொடங்கும் முன்பே அந்தப் பரிசோதனை நிலையின் பொறுப்பு அறிவியலாளரோடு பேசிவிடுவது வழக்கம். பேசாதவரின் விண்ணப்பம் அதன் தொழில்நுட்பப் பகுதியிலேயே வெளிப்பட்டுவிடும்.

மதிப்பீட்டாளரின் கேள்விகளில் மிகக் கடினமானது, ‘இதற்கு ஏன் லேசர்?’ என்பது. படிகம் பெரிதாக வளருமானால், குளிர்வித்துச் சின்க்ரோட்ரானில் எடுத்துவிடலாம். அங்கே நேரமும் எளிதாகக் கிடைக்கும். ஒளி அமைப்பு ஒன்றுக் குழுவின் விடை இங்கே அசைக்க முடியாததாக இருந்தது. அவ்வளவு சிறிய படிகம் ஒரு முழுப் படம் தருவதற்குள், சின்க்ரோட்ரானில் கதிர்வீச்சே அதைக் கெடுத்துவிடும். குளிர்வித்த படிகம் தாங்கும் வரம்பு ஏறத்தாழ 30 மெகாகிரே (கிரே என்பது உட்கொண்ட கதிர்வீச்சின் அலகு) என்று முன்னரே அறியப்பட்டிருந்தது. துடிப்பு அந்த வரம்பைப் பல மடங்கு தாண்டியது; ஆயினும் சேதம் பரவும் முன்பே வேலை முடிந்துவிட்டது. இந்தக் கேள்விக்கு ஒரே வாக்கியத்தில் விடை சொல்ல முடியாத விண்ணப்பத்தை, இன்னும் ஓராண்டு வைத்திருந்து எழுதுவது நல்லது என்பேன். படிகம் எக்ஸ்-கதிரை விளிம்பு விளைவுக்கு உட்படுத்துமா என்பதே தெரியாதவர்களுக்காகச் சில நிலையங்கள் குறுகிய சோதனை நேரத்தையும் ஒதுக்குகின்றன. முதல்முறை விண்ணப்பிக்கும் சிறு குழு அங்கிருந்து தொடங்குவதில் குறைவேதும் இல்லை.

அடுத்த விண்ணப்பம்

8.5 ஆங்ஸ்ட்ராமில் அணு தெரியாது. அணுவைக் காண உயர்ந்த ஆற்றல் வேண்டும், அதற்கான சி.எக்ஸ்.ஐ. என்ற பரிசோதனை நிலை எல்.சி.எல்.எஸ்.ஸில் 2011 இல் இயங்கத் தொடங்கியது. 9 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டுக்கு மேற்பட்ட கற்றை, புதிய உணர்கருவி, வினாடிக்கு 120 துடிப்பு. இத்தனை வசதியோடு, எவரும் அமைப்பு அறியாத புரதம் ஒன்றைத்தான் முதலில் வைப்பார்கள் என்று எதிர்பார்க்கலாம். செபாஸ்டியன் பூட்டேயும் உடன் ஆய்வாளர்களும் வைத்தது கோழிமுட்டையின் வெள்ளைக்கருவிலிருந்து எடுக்கும் லைசோசைமை. படிகவியல் மாணவர் முதன்முதலில் கைவைத்துப் பழகும் புரதம். 2012 இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்த அந்த அமைப்பின் துல்லியம் 1.9 ஆங்ஸ்ட்ராம், சின்க்ரோட்ரானில் எடுத்த அமைப்போடு அது ஒத்துப்போயிற்று. அமைப்பு அதுவரை அறியப்படாதிருந்த புரதங்கள் அதன் பின்னரே வரிசையில் வந்தன.